ஒரு பாய், இரண்டு நெட்வொர்க்

விழிப்பு வந்தபோதே இடுப்பு வலித்தது. இடுப்பு என்னுடையது, வலி காசிமாயனுடையது.

முந்தின நாள் சாயங்காலம் முருங்கைக்கட்டு இறக்கும்போது அவனுக்குப் பிடித்துக்கொண்டது. இன்னும் இரண்டு நாளில் அவன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். "வர்றவங்களுக்குக் காபித் தண்ணி எடுத்துக் குடுக்கக் குனிய முடியாம நின்னா எவன்டா மாப்ள சம்பந்தம் பண்ணுவான்? பொண்ணுக்கும் இடுப்பு வளையாதுன்னு நெனச்சிருவான்" என்றான். சரி கொடு என்று வாங்கிக்கொண்டேன். கைமாத்துதான். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற எங்கள் செட்டில் கைமாத்துக்கு வட்டி கிடையாது, எழுத்து கிடையாது. வாங்கினதை வாங்கின மாதிரியே திருப்ப வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் ரூபாயில் நடந்தது. பட்டை வந்த பிறகு வலியில் நடக்கிறது.

பட்டை என்பது காதுக்குப் பின்னால் ஒட்டுகிற, சட்டைப் பொத்தான் அளவு சமாச்சாரம். நம் நோவை எடுத்து இன்னொருவன் பட்டைக்கு அனுப்பும். வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் சொன்னால் போதும். காயம் நம்மிடமே இருக்கும், நோவு மட்டும் அவனிடம் போகும். இதைக் கண்டுபிடித்தவன் நல்ல எண்ணத்தில்தான் கண்டுபிடித்திருப்பான். ஆனால் வலி போன உடம்புக்கு ஓய்வு எதற்கு என்று கமிஷன் கடைக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் செட்டில் வெள்ளத்துரை என்று ஒருவன் இருந்தான். முதுகு நோவை மச்சினனிடம் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு மூட்டை தூக்கினான். முதுகு விட்டுப்போனது அவனுக்கே தெரியவில்லை, மச்சினனுக்குத்தான் தெரிந்தது. இப்போது வெள்ளத்துரை வீட்டில் உட்கார்ந்து, காசுள்ளவர்களின் பல்வலியைக் கூலிக்கு வாங்கிக்கொண்டிருக்கிறான். நல்ல வருமானம் என்கிறான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டேதான் சொல்கிறான்.

பக்கத்தில் என் பெண்டாட்டி ராக்காயி சுருண்டு கிடந்தாள். அவளுக்குக் கல்லடைப்பு. தானாக வெளியே வந்துவிடும், தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வாழைத்தண்டுச் சாறாகக் குடித்துக்கொண்டிருந்தாள். கல் அசையவில்லை. வலி மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதா புள்ள?"

"உனக்கென்னய்யா! எவனோ ஒருத்தன் இடுப்பத் தூக்கி வச்சுக்கிட்டுச் சொகமாப் படுத்திருக்க. கட்டினவ கெடந்து சாகுறேன்."

"அனுப்பு, வாங்கிக்கிறேன்னுதான சொல்றேன்."

அனுப்பினாள். அவள் பட்டை பேசியது. 'நீங்கள் தேடும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்.'

நான் ஒரே பாயில் ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்தேன்.

விஷயம் என்னவென்றால், என் பட்டை தோள் கம்பெனி, அவள் பட்டை பால் சங்கம். முதலில் எங்கள் ஊருக்குப் பட்டை கொண்டுவந்தது பால் சங்கம்தான். உறுப்பினருக்கெல்லாம் கொடுத்தார்கள். அப்புறம் தோள் வந்தது. 'தோளுக்குத் தோள் இலவசம்' என்று பஸ் ஸ்டாண்டு முழுக்க எழுதினார்கள். செட்டில் ஒருவன் மாறினான். அவனோடு கைமாத்து வைக்க மற்றவர்களும் மாறினோம். ஆள் எங்கே கூட்டமோ அங்கேதானே வலியை இறக்க முடியும்? இருந்த சின்ன நெட்வொர்க்குகளில் பல ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. எல்லோரும் உள்ளே வந்ததும் தோள் கதவைச் சாத்தியது. வெளி நெட்வொர்க்கிலிருந்து எந்த வலியும் உள்ளே வராது, இங்கிருந்து வெளியே போகாது. அப்புறம் விலையை ஏற்றியது. அனுப்பினால் காசு, வாங்கினால் காசு, வாங்கின வலியை வைத்துக்கொண்டிருக்கிற நேரத்துக்கும் காசு.

"நீயும் தோளுக்கு மாறிரு புள்ள" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"ஏன் மாறணும்? மொதல்ல குடுத்தவன் சங்கத்துக்காரன். வெங்காயம் பொறுக்குற பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் என் நம்பரு தெரியும். மாறுனா நம்பரு போயிரும். கதவச் சாத்துனவன்ட்டப் போயி நான் எதுக்குய்யா நிக்கணும்? அவனத் தொறக்கச் சொல்லு."

சொன்னதோடு விடவில்லை. வலிப் பரிமாற்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் புகார் போட்டுவிட்டாள். அன்றைக்குத் திண்டுக்கல்லில் விசாரணை.

நாங்கள் காலையில் வெங்காய லாரியை இறக்கிவிட்டு, குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே பஸ் ஏறினோம். தலையில் சும்மாடுகூட இருந்தது. செட்டு மொத்தமும் வந்தது. ராக்காயிக்குச் சாட்சி சொல்ல என்று சொல்லிக்கொண்டோம். சாப்பாடு போடுவார்கள் என்று காசிமாயன் கிளப்பிவிட்டதும் ஒரு காரணம்.

அவன் கிளப்பிவிட்டதில் தப்பில்லை. விசாரணை நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். அரசாங்க ஹால் எதுவும் காலியில்லையாம். முந்தின நாள் முகூர்த்தத்தின் பூ அலங்காரத்தை யாரும் கழற்றவில்லை. ஆணைய உறுப்பினர் நூர்நிஷா அம்மா பெண் உட்காருகிற சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை நாற்காலியில் அவருடைய செயலர், மடியில் லேப்டாப்போடு, கூச்சத்தில் நெளிந்துகொண்டிருந்தார். இருவருக்கும் பின்னால் 'நல்வரவு' என்று மல்லிகைப்பூவில் எழுதியிருந்தது.

"மொய் எங்க எழுதணும்?" என்றான் காசிமாயன்.

தோள் கம்பெனிக்காக வக்கீல் ரங்கபாஷ்யம் எழுந்தார். கூடவே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு இளம் இன்ஜினியர், அருள்தாஸ்.

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களே, என் கட்சிக்காரருக்குச் சந்தை ஆதிக்கம் இருப்பதாகப் புகார்தாரர் சொல்கிறார். எந்தச் சந்தையில்? வலிப் பரிமாற்றம் தனிச் சந்தையே அல்ல. அது நிவாரணச் சந்தையின் ஒரு மூலை. தைலம் இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, வெந்நீர் ஒத்தடம் இருக்கிறது, மதுக்கடை இருக்கிறது. இத்தனை பேருக்கு நடுவில் நாங்கள் ஒரு சின்னப் புள்ளி."

"டேய், வெந்நி இவருக்குப் போட்டிக் கம்பெனியாம்டா" என்று காசிமாயன் சத்தமாகவே சொன்னான். மண்டபம் குலுங்கியது.

நூர்நிஷா அம்மா சிரிக்கவில்லை. ஆனால் கன்னம் துடித்தது. "ஒரே ஒரு கேள்வி சார். போன தீபாவளிக்கு முன்னாடி கட்டணத்த ஏத்துனீங்க. அதுக்கப்புறம் எத்தன பேரு உங்கள விட்டுட்டுத் தைலத்துக்குப் போனாங்க?"

வக்கீல் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஃபேனைப் பார்த்தான்.

"சொல்லுங்க தம்பி."

"கூடியிருக்காங்க மேடம்."

"வெலைய ஏத்துன பிறகுமா?"

"ஆமா மேடம்."

"வெல ஏறியும் ஆள் போகலேன்னா, போறதுக்கு எடம் இல்லைன்னு அர்த்தம். ஆதிக்கம்னா அதான், பெருசா இருக்கறது இல்ல." எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்க ஏன் தைலத்துக்கு மாறல?"

என்னைத்தான் கேட்டார். எழுந்தேன். காசிமாயன் இடுப்பு சுருக்கென்றது. "தைலம்னா தேச்சுவிட ஆள் வேணும்மா. வீட்ல கேட்டா, உன் நெட்வொர்க்குல போயிக் கேளுன்றா."

இந்தத் தடவை அவரும் சிரித்துவிட்டார். ராக்காயி முன் வரிசையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"சரி, கதவ ஏன் சாத்தி வச்சிருக்கீங்க?"

"தரம், மேடம்" என்றார் வக்கீல். "வெளி நெட்வொர்க் வலி சுத்தமாக வராது. எங்கள் வாடிக்கையாளர்களின் நலனைக் கருதி..."

ராக்காயி எழுந்துவிட்டாள். "என்ன சொல்றீரு? எங்க வலி சுத்தமில்லையா? பால் சங்கத்து வலின்னா தண்ணி கலந்திருக்கும்ன்றீரா?"

அவளோடு வந்திருந்த சங்கத்துப் பெண்கள் கை தட்டினார்கள். உட்காரப் போனவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பாதியில் நின்றாள். உதடு வெளுத்துவிட்டது. கல் கிளம்பியிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"கல்லு... மேடம்." மூச்சு விட்டு மூச்சு வாங்கிச் சொன்னாள். "அத்தாட்சி வேணும்ல. இந்தா வந்திருச்சு."

"யாருக்கு அனுப்பணும்?"

"அந்தா, சும்மாட்டோட உக்காந்திருக்கே, அந்த மனுசனுக்கு."

"அவரு வாங்கிக்குவாரா?"

நான் எழுந்து நின்றேன். "வாங்கிக்கிறேம்மா. எல்லாத்தையும் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு இதவிட்டா வேற ஒண்ணும் கேக்க இல்ல."

பொய் சொல்லவில்லை. ஒரு வாரமாக ஒரு முழ தூரத்தில் படுத்துக்கொண்டு அவள் பல்லைக் கடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். நூறு கிலோ சிப்பம் தூக்குகிறவன், ஒரு மிளகு அளவு கல்லுக்கு உதவ முடியவில்லை என்றால் அது என்ன பிழைப்பு?

நூர்நிஷா அம்மா மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். "கதவத் தொறக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ஆறு மாதம்" என்றார் வக்கீல்.

"ஒரு க்ளிக் மேடம்" என்றான் இன்ஜினியர், அதே நேரத்தில்.

வக்கீல் அவனைப் பார்த்த பார்வையை எந்தப் பட்டை வழியாகவும் அனுப்ப முடியாது.

"இடைக்கால உத்தரவு. எழுதிக்குங்க" என்றார் அம்மா. மாப்பிள்ளை நாற்காலியில் செயலர் தட்ட ஆரம்பித்தார். "தம்பி, தொறங்க."

நான் மூட்டைக்கு நிற்கிற மாதிரி நின்றேன். காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, சும்மாட்டுத் துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டேன். வா என்றேன் மனசுக்குள்.

வந்தது. விலாவுக்குள் யாரோ கோழி இறகை விட்டுத் தடவின மாதிரி இருந்தது. துண்டு வாயிலிருந்து விழுந்தது. நான் சிரித்தேன்.

அடக்க அடக்க வந்தது. பக்கத்தில் காசிமாயன் துள்ளி, ஹிஹி என்றான். அவனுக்கு அடுத்தவன் நெளிந்தான். அதற்கடுத்தவன் நாற்காலியோடு சாய்ந்தான். வரிசை முழுக்க ஒரு சுற்றுப் போய் மறுபடி என்னிடம் வந்தது, கிச்சுக் கிச்சு. மறுபடி போனது. மீசை வைத்த முப்பது ஆம்பளைகள், வெங்காய வாடையோடு, சமைந்த பெண்கள் மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒருவன் தரையில் உருண்டான். என்னவென்று தெரியாமலே சங்கத்துப் பெண்களும் சிரித்தார்கள். செயலர் சிரித்தார். மல்லிகைச் சரம் ஒன்று அறுந்து அவர் தலையில் விழுந்தது.

ராக்காயி மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. வலி போயிருந்தது. அது எங்கே போனது என்றுதான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்தாஸ் தன் லேப்டாப்பை முறைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "அண்ணே, நீங்க எல்லாரும் 'சுமை'ல இருக்கீங்களா?"

அப்போதுதான் உறைத்தது.

பட்டையில் 'சுமை' என்று அழுத்தி வைக்கிற ஒரு அமுக்கு உண்டு. மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறுகிறவனுக்கு நடுவில் எவன் வலியாவது வந்து சேர்ந்தால் கால் மடங்கிக் கழுத்து முறிந்துபோகும். அதனால் சுமையில் இருக்கிறவனுக்கு வருகிற வலி, அவன் குறித்து வைத்திருக்கிற அடுத்தவனுக்குப் போய்விடும். நாங்கள் எப்போதும் பின்னால் வருகிறவனைக் குறித்து வைப்போம். கடைசி ஆள் முதல் ஆளைக் குறிப்பான். பலகையில் சுற்றி வருகிற வரிசையில் யாராவது ஒருவன் வெறுங்கையோடு திரும்புவான், அவன் அமுக்கை எடுத்துவிட்டு நடப்பான், அவன்மேல் இறங்கும். அன்றைக்கு லாரியிலிருந்து நேரே பஸ் ஏறிய அவசரத்தில் ஒருவனும் அமுக்கை எடுக்கவில்லை.

"அப்ப வலி இப்ப யார்ட்ட இருக்கு?" என்று கேட்டார் நூர்நிஷா அம்மா.

"யார்ட்டயும் இல்ல மேடம். சுத்திக்கிட்டே இருக்கு. ஒவ்வொருத்தரையும் தொட்டுட்டு உடனே போயிருது. அதான் கூசுது."

"உங்க மெஷின் இத நிறுத்தாதா?"

"எங்க வலின்னா மூணாவது கையில இறக்கிரும் மேடம். இது வெளி வலி." அவன் குரல் இறங்கியது. "வெளி வலி உள்ள வந்ததே இல்ல. வராதுன்னுதான எல்லாத்தையும் எழுதுனோம். அதுக்கு நிறுத்தமே வைக்கல."

"யாராச்சும் ஒருத்தர் அந்த அமுக்க எடுத்தா?"

"அவர்மேல மொத்தமா இறங்கிரும்."

என் கை காதுக்குப் பின்னால் போனது. ராக்காயி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மோசடி!" வக்கீல் கத்தினார். "திட்டமிட்ட மோசடி! தம்பி, கதவை மூடு, உடனே மூடு!"

"மூடுனா சார்..." அருள்தாஸ் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான். "உள்ள சுத்துறது அனுப்புனவங்களுக்கே திரும்பிரும். இதுவரைக்கும் சேர்ந்தது அம்புட்டும். ஒரே அடியா."

எல்லோரும் ராக்காயியைப் பார்த்தார்கள். எங்கள் சிரிப்புக்கூட ஒரு கணம் நின்றது. அப்புறம் கூச்சம் வந்து மறுபடி கிளம்பியது.

"அப்ப மூடக் கூடாது" என்றார் நூர்நிஷா அம்மா நிதானமாக. "புகார் குடுத்தவங்களுக்கு ஆபத்து. அந்த வலி உள்ள சுத்துற வரைக்கும் கதவு தொறந்தே இருக்கணும். ரெண்டு பக்கமும், எல்லா நெட்வொர்க்குக்கும். எழுதிக்குங்க."

காசிமாயன் என் மணிக்கட்டைப் பிடித்தான். சிரிப்புக்கு நடுவில், கண்ணில் தண்ணீரோடு, காதோரம் சொன்னான். "எடுக்காதடா மாப்ள. எடுத்தா உன்மேல இறங்கிரும். இறங்குனா கதவச் சாத்திருவாய்ங்க. புரியுதா?"

புரிந்தது. நல்ல காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். காசிமாயன் பிடிக்கும் முன்பே என் கை பாதியில் நின்றிருந்தது. மொத்தமா இறங்கிரும் என்று அந்தத் தம்பி சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டது. கையைக் கீழே இறக்கினேன். ராக்காயி அதையும் பார்த்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அவள் மண்டபத்துப் பின்பக்கம் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "விழுந்திருச்சு!" என்று சங்கத்துப் பெண்கள் கத்திக்கொண்டே வந்தார்கள். கல் விழுந்த செய்திக்கு ஒரு மண்டபமே ஆரவாரம் செய்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாயாசம் இருந்தது. வக்கீலும் இரண்டு டம்ளர் குடித்தார். கல் போனாலும் அனுப்பிவிட்ட வலி போகவில்லை, எங்களுக்குள் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

இறுதி உத்தரவு அப்புறம் வந்தது. தோளுக்குச் சந்தை ஆதிக்கம் உண்டு. சின்ன நெட்வொர்க்குகளுக்குக் கதவைக் காசில்லாமல் திறந்துவைக்க வேண்டும். நம்பர் போகாமல் எவரும் எங்கேயும் மாறலாம். வைத்திருக்கிற நேரத்துக்குக் காசு கேட்கக் கூடாது. எங்களையும் விடவில்லை. இனி எந்த வலியையும் சுற்றில் விடக் கூடாது, விட்டால் பட்டை பறிமுதல். நூர்நிஷா அம்மா யாருக்கும் சொந்தக்காரர் இல்லை.

கம்பெனி அப்பீலுக்குப் போய் உத்தரவுக்குத் தடை வாங்கியது. வாங்கின கையோடு கதவைச் சாத்த வந்தது. சாத்தினால் ராக்காயி தலையில் இறங்கும் என்று சங்கம் சொன்னது. சுற்றுகிற வலி தீரும் வரை இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

ஆக, இன்றைக்குத் தமிழ்நாடு பூராவும் கதவு திறந்திருக்கிறது. தேனியிலிருந்து சென்னைக்குத் தலைவலி போகிறது. புருசன் ஒரு கம்பெனி, பெண்டாட்டி ஒரு கம்பெனி என்று இருந்த வீட்டிலெல்லாம் மாற்றி மாற்றி வாங்கிக்கொள்கிறார்கள். பால் சங்கத்தில் கூட்டம் அலைமோதுகிறது. அத்தனையும் எங்கள் முப்பது பேருக்குள் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு கல்லடைப்பு வலி முட்டுக் கொடுத்து நிற்கிற கதவு.

அப்பீல் முடியும் வரை எங்களில் ஒருவனும் அமுக்கை எடுக்க முடியாது. சிரித்துக்கொண்டே மூட்டை தூக்குகிறோம். கமிஷன் கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். சாவு வீட்டுக்கு எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. சுமையில் இருக்கிறவனுக்கு வலி சேராது என்பதால் காசிமாயன் இடுப்பை அவனிடம் திருப்பவும் வழியில்லை, அது என்னிடமே இருக்கிறது. அவன் மகளுக்குச் சம்பந்தம் முடிந்துவிட்டது. கல்யாண வேலைக்கெல்லாம் குனிந்து நிமிர்ந்து ஓடுகிறான்.

நேற்று ராக்காயிக்குப் பல்வலி. காசிமாயன் பெண்டாட்டிக்கு அனுப்பினாள். அவள் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு அனுப்பியிருக்கலாம்ல" என்றேன், அனுப்ப முடியாது என்று தெரிந்தே.

அவள் பாயில் திரும்பிப் படுத்தாள். "நீதான் சுமையில இருக்கியே."

"அப்பீலு முடியட்டும் புள்ள. மொதல் வேலையா எடுத்துருவேன்."

"எடுப்ப, எடுப்ப. அன்னிக்கிக் காதுக்குப் போன கைய நான்தான் பாத்தேனே." என் பக்கம் புரண்டாள். "நான் அந்தப் பாடு பட்டுக்கிட்டு உங்கிட்ட குடுத்தா, நீ சிரிக்கிற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விலாவில் கூசியது. அவளுடைய வலிதான், என்னைத் தொட்டுவிட்டுக் காசிமாயனுக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. முதுகில் ஒரு குத்து விட்டாள், பிறகு அவளும் சிரித்தாள்.

ஆனாலும் கணக்கு கணக்குதான். வாங்கிக்கொள்கிறேன் என்று சபையில் எழுந்து நின்று சொன்னவன் நான். ராக்காயிக்கு நான் ஒரு கல்லடைப்பு வலி பாக்கி.